நாள்பட்ட வலி பெண்களிடம் ஏன் அதிகம்? வேலையும் வீடும் உடலில் செய்வது

ஒரே துணிக்கடையில், ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் வேலை பார்க்கும் அண்ணன் தங்கையாகிய உங்கள் இருவரில் தங்கைக்கு மட்டும் இடுப்பும் கழுத்தும் ஆண்டுக்கணக்கில் வலிப்பது ஏன் என்றும், பெண்ணின் உடலே வலிக்கு இடங்கொடுப்பதா அல்லது வேலையும் சமூகமும் அப்படி ஆக்குகின்றனவா என்றும் கேட்டிருந்தீர்கள். உடலின் இயல்புக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் என் கருத்தில் அதைவிடப் பெரிய பங்கு, நம்மால் மாற்றக்கூடிய பங்கு, ஒருவர் தம் உடல் சோரும்போது வேலையை நிறுத்திக்கொள்ள முடிகிறதா என்பதில் இருக்கிறது. அந்த வாய்ப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் கடையிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, வீட்டிலும் கிடைப்பதில்லை. தூக்கிய சுமையின் எடையை மட்டும் கணக்கிட்டால் இது கண்ணில் படாது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டுத் திரும்ப வருகிற வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அதற்கு முறையான தனி இடம் கிடைத்தது. அதற்கு முன்பு வலி பெரும்பாலும் வேறு ஏதோ நோயின் அறிகுறியாகவே எண்ணப்பட்டது. இந்த மாற்றம் முக்கியமானது. விரல் வெட்டுப்பட்டால் வரும் வலி, காயத்தைப் பற்றிய எச்சரிக்கை. நாள்பட்ட வலியிலோ, காயம் ஆறிய பின்னும், சில வேளைகளில் காயமே இல்லாமலும், தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைப் பெருக்கிக்கொண்டே இருக்கின்றன. தண்டுவட நரம்பணுக்கள் இவ்வாறு மிகையுணர்வு அடைவதை கிளிஃபோர்ட் உல்ஃப் 1983-இல் விலங்குச் சோதனைகளில் காட்டினார். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக வலி பொய்யாகிவிடாது. அந்த மிகையுணர்வை வளர்ப்பவற்றுள் உடைந்த தூக்கமும், ஓயாத மன அழுத்தமும், மீளாத தசைச் சோர்வும் முன்வரிசையில் நிற்கின்றன. மூன்றுமே ஒருவர் எப்படி வாழ்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்பதோடு கட்டுண்டவை. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாகவும், 2050-இல் அது 84.3 கோடியை எட்டலாம் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அந்தக் கணக்கிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

உடலின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை மறுப்பதும் தவறு. பருவமடைவதற்கு முன் சிறுவர் சிறுமியரிடம் ஏறக்குறைய சமமாக இருக்கும் ஒற்றைத் தலைவலி, பருவமடைந்த பின் ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் மூன்று மடங்காகிறது. சுரப்புநீர்களின் பங்கு இல்லாமல் இதை விளக்க முடியாது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நரம்புக் காயத்துக்குப் பின் வலியை நிலைநிறுத்துவதில் ஆண் எலிகளில் தண்டுவடத்தின் ஒருவகைக் காவல் செல்களும், பெண் எலிகளில் வேறு நோய் எதிர்ப்பு செல்களும் ஈடுபடுவது தெரியவந்தது. இவ்வளவு தாமதமாகத் தெரியவந்ததற்கும் காரணம் உண்டு: வலி ஆய்வுக்கென்றே உள்ள முதன்மை இதழில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளில் 79 விழுக்காடு ஆண் விலங்குகளை மட்டுமே பயன்படுத்தியவை என்று 2005-இல் ஜெஃப்ரி மோகிலும் உடன் ஆய்வாளரும் கணக்கெடுத்துக் காட்டினார்கள். பெண் உடலின் வலி நெடுங்காலம் போதிய அளவு ஆராயப்படவே இல்லை. மேலும், உடல் என்று நாம் ஒதுக்கிவைப்பதிலும் சமூகம் புகுந்திருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. இரத்தசோகை உள்ள உடலில் தசை சீக்கிரம் களைக்கும். மாதவிடாயும் பிள்ளைப்பேறும் இதற்கு ஒரு காரணம் என்றால், வீட்டில் எல்லாரும் உண்ட பின் மீந்ததை உண்பது இன்னொரு காரணம்.

இனி "ஒரே வேலை" என்பதற்கு வருவோம். உங்கள் கேள்வியிலேயே நான் தயங்குகிற இடம் அதுதான். சம்பளப் பட்டியலில் இருவரும் "விற்பனைப் பணியாளர்" என்று இருக்கலாம். ஆனால் பெரும்பாலான துணிக்கடைகளில் ஆண்கள் கிடங்கிலிருந்து பண்டல் ஏற்றி இறக்குகிறார்கள், மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடக்கிறார்கள், இடையில் டீ குடிக்க வெளியே போய்வருகிறார்கள். பெண்கள் புடவைப் பிரிவின் மேடைக்குப் பின்னால், ஓரிரு சதுர மீட்டர் இடத்தில், காலையிலிருந்து இரவுவரை நிற்கிறார்கள். கையை நீட்டி எட்டி எடுத்துப் பிரித்துக் காட்டியதை மீண்டும் மடித்து அடுக்குகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அண்ணனின் வேலை கனமானது, தங்கையின் வேலை எளிதானது. உடலுக்கு அப்படி இல்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலேற்றுகிறது. அசையாமல் நிற்கும்போது இரத்தம் காலில் தேங்குகிறது, முதுகுத் தசைகள் இடைவிடாமல் இறுகியே இருக்கின்றன.

கனடாவின் மாண்ட்ரியலில் பெண்களின் வேலைகளை நெடுங்காலம் அருகிருந்து கவனித்து ஆராய்ந்த காரென் மெஸ்ஸிங், மருத்துவமனைத் துப்புரவில் இதைத்தான் கண்டார். அங்கே வேலை "கனம்" என்றும் "இலகு" என்றும் பிரிக்கப்பட்டு, முன்னது ஆண்களுக்கும் பின்னது பெண்களுக்கும் தரப்பட்டிருந்தது. கனமான பிரிவில் இருந்தவர்கள் நீண்ட கைப்பிடித் துடைப்பானால் நிமிர்ந்து நின்று தரை துடைத்தார்கள். இலகுவான பிரிவில் இருந்தவர்களோ கழிவறைகளையும் மேசை நாற்காலிகளையும் கைத்துணியால், குனிந்தும் முறுகியும், நாள் முழுக்க வேகமாகத் தேய்த்தார்கள். ஆய்வு முறைகளைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. ஒரு தொழிலில் வலி யாருக்கு அதிகம் என்று கணக்கிடும்போது, பாலினத்தை ஒரு குறுக்கீட்டுக் காரணியாக, அதாவது வேலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பைக் குழப்பும் வெளிக்காரணியாக எண்ணிப் புள்ளியியலில் சரிக்கட்டிவிட்டால், ஆணும் பெண்ணும் உண்மையில் வேறு வேறு அசைவுகளைச் செய்கிறார்கள் என்பதே கணக்கிலிருந்து மறைந்துபோகும். பிறகு மிச்சமிருக்கும் வேறுபாட்டைப் பெண் உடலின் பலவீனம் என்று எழுதிவிடுவது சுலபம்.

நம் ஊரில் இதற்குக் கட்டடவேலையைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சித்தாளாகச் சேரும் பெண் செங்கல்லையும் கலவைச் சட்டியையும் தலையில் சுமக்கிறார். கழுத்தெலும்புகளின் மேல் நேராக இறங்கும் சுமை அது. ஆணும் இளவயதில் அதே சுமையில்தான் தொடங்குகிறார். ஆனால் அவர் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறார், பிறகு மேஸ்திரியும் ஆகலாம். பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுப்பவர் அரிது என்பதால், இருபதில் சித்தாளாக வந்தவர் ஐம்பதிலும் சித்தாளாகவே இருக்கிறார். ஆணுக்குச் சுமை வாழ்க்கையில் ஒரு கட்டம். பெண்ணுக்கு அதுவே முழுத் தொழில்வாழ்வு. சாரத்தின் மேல் இருப்பவர் கலவை கேட்கும்போது அவர் ஓட வேண்டும், ஆக வேலையின் வேகத்தையும் அவர் தீர்மானிப்பதில்லை. இப்படி வாழ்நாள் முழுதும் சேர்ந்துபோகும் சுமையை, ஒரு நாளில் எத்தனை கிலோ தூக்கினார் என்ற கேள்வி தொடவே தொடாது.

எளிய வேலை ஏன் இத்தனை வலியைத் தருகிறது என்பதற்கு உடலியல் விடை ஒன்று உண்டு. தசை ஒன்றைச் சிறிதளவே இயக்கினாலும், அதில் சில நுண்ணிழைத் தொகுதிகள் எப்போதும் முதலில் வேலைக்கு எழுகின்றன. தசை முழுமையாகத் தளரும்வரை அவை ஓய்வதில்லை. ஸ்வீடனின் யோரான் ஹெக் 1991-இல் இவற்றுக்குச் சிண்ட்ரெல்லாவின் பெயரைச் சூட்டினார், வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் பெண் என்பதால். சுமை குறைவாக இருப்பது இந்த இழைகளைக் காப்பதில்லை, இடைவெளிதான் காக்கிறது. நார்வேயில் பொட்டலம் கட்டும் இலகுவான வேலையில் இருந்த பெண்களின் கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தசையின் மின்னியக்கத்தை ஆய்வாளர்கள் ஓராண்டுக் காலத்தில் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலைக்கு நடுவே தசை தானாகத் தளரும் மிகக் குறுகிய கணங்கள், வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நீளமுள்ள இடைவெளிகள்கூட, யாரிடம் குறைவாக இருந்தனவோ அவர்களே பின்னர் தோள்வலிக்கு ஆளானார்கள். ஸ்டாக்ஹோமில் உல்ஃப் லுண்ட்பெரி குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள். கையில் எந்த வேலையும் இல்லாமல், மனக்கணக்கு போடச் சொல்லி அழுத்தம் கொடுத்தாலே அதே தசை இறுகுகிறது. மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், கண்காணிப்புக் கேமரா மேலே இருக்கிறது, இன்றைய விற்பனை இலக்கு இன்னும் எட்டவில்லை என்ற நினைப்பு தோளைத் தளரவிடாது. மனம் வேறு, உடல் வேறு என்று பிரித்துவைத்து இந்த வலியைப் புரிந்துகொள்ள இயலாது.

வேலையின் அழுத்தத்தை அளக்க இரண்டு கருத்துகள் பெரிதும் பயன்படுகின்றன. அமெரிக்காவின் ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்னது: வேலை எவ்வளவு கேட்கிறது என்பதோடு, அதைச் செய்பவருக்கு எவ்வளவு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதிகம் கேட்டு, உரிமையே தராத வேலைதான் உடலை அதிகம் கெடுக்கிறது. பின்னர் உடன் வேலை செய்பவர்கள், மேலாளர்கள் ஆகியோரின் ஆதரவும் இதில் சேர்க்கப்பட்டது. ஜெர்மனியின் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் முன்வைத்தது: போட்ட உழைப்புக்கும் கிடைக்கும் கூலி, மதிப்பு, வேலை உறுதி ஆகியவற்றுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மை. பெண்கள் அதிகமாக இருக்கும் வேலைகளைப் பாருங்கள், இந்த இரண்டு வகை இழப்பும் ஒரே இடத்தில் கூடியிருக்கும்.

திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் அமர்ந்து, மடியில் தட்டை வைத்து, தலையைக் குனிந்து, இலையைக் கத்தரித்து, தூளை நிரப்பிச் சுருட்டி, முனையை மடித்து, நூல் கட்டுகிறார். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. தரமில்லை என்று கழிக்கப்படும் பீடிக்கான உழைப்பு அவருடைய இழப்பு. கொடுக்கப்பட்ட இலை மோசமாக இருந்தால் அதன் குறையும் அவர் தலையில்தான். வீட்டிலிருந்தே செய்வதால் நினைத்தபோது எழுந்துகொள்ளலாமே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் எழுந்த நேரமெல்லாம் கூலியில் குறைகிறது. எழுவதும் ஓய்வதற்காக அல்ல. உலையில் அரிசி போடவும், குழந்தையைத் தூக்கவும், குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓடவுமே எழுகிறார். மணிக்கட்டும் கழுத்தும் ஓய்ந்தால் இடுப்பு வேலை செய்கிறது. வேலைக்கு மணியடித்துத் தொடங்கவும் முடிக்கவும் ஆலை ஒன்று இருந்தால் கிடைத்திருக்கும் எல்லைகூட அவருக்கு இல்லை.

வீட்டு வேலை இந்தப் பதிலின் நடுப்புள்ளி. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களின் விகிதமே பெண்களில் 81.2, ஆண்களில் 26.1 விழுக்காடு. 2024 ஆய்வில் அந்த நிமிடங்கள் 289, 88 என்று சற்றே இறங்கின. இடைவெளி அப்படியே இருக்கிறது. இது வெறும் நேரக்கணக்கு இல்லை. ஸ்வீடனில் மரியான் ஃபிராங்கென்ஹாய்சரும் உடன் ஆய்வாளர்களும் வோல்வோ நிறுவனத்தில் ஒரே படிநிலையில் இருந்த ஆண், பெண் மேலாளர்களின் அழுத்தச் சுரப்புநீர்களை வேலை நேரத்திலும் அதற்குப் பின்னும் அளந்து 1989-இல் வெளியிட்டார்கள். அலுவலகத்தில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஆண்களிடம் நார்அட்ரினலின் என்ற அழுத்தச் சுரப்புநீரின் அளவு இறங்கியது. பெண்களுக்கு இறங்கவில்லை, ஏறவே செய்தது. வேலை முடிந்தபின் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் ஆணுக்குத் தொடங்கியபோது பெண்ணுக்கு இரண்டாம் வேலைநேரம் தொடங்கியது. நல்ல ஊதியமும் வசதிகளும் பெற்ற ஸ்வீடன் மேலாளர்களுக்கே இந்த நிலை என்றால், இரவு கடை அடைத்த பின் பேருந்தில் தொங்கிக்கொண்டு வீடு சேர்ந்து அடுப்பு பற்றவைக்கும் பெண்ணின் தோள்தசை எப்போது தளரும்?

தூக்கத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஸ்மித் குழுவினர் நலமாக இருந்த பெண்களிடம் செய்த ஆய்வில், ஒரு பிரிவினர் இரவில் பலமுறை எழுப்பப்பட்டார்கள். இன்னொரு பிரிவினர் அதே அளவு குறைவான நேரம் தூங்கினார்கள், ஆனால் இடையில் எழுப்பப்படவில்லை. உடலுக்குள்ளேயே வலியை அடக்கும் ஏற்பாடு பழுதானது எழுப்பப்பட்டவர்களிடம்தான். கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் மாமியார், விடிகாலை வரும் தண்ணீர் லாரி ஆகியவற்றுக்காக எழுந்து எழுந்து படுக்கும் உடலுக்கு இந்த முடிவு என்ன பொருள் தருகிறது என்று விளக்கத் தேவையில்லை. வீட்டில் அடியும் மிரட்டலும் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். வன்முறைக்கு ஆளான பெண்களிடம் தலைவலி, முதுகுவலி, அடிவயிற்று வலி ஆகியவை நீடிப்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. மருந்துச் சீட்டு எழுதும் இடத்தில் இதைக் கேட்பவர்கள் மிகச் சிலர்.

நிறுத்திக்கொள்ளும் உரிமை என்று நான் சொல்வது கற்பனையல்ல, சட்டமாகவே வந்திருக்கிறது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், தையல் தொழிலாளியான விஜியின் முன்முயற்சியில் அமைப்பாகத் திரண்டு, முதலில் கழிவறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் பல ஆண்டுகள் போராடினார்கள். கேரளம் 2018-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் அதே வழியில் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது: வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு கிடைக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தச் சட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வலியின் வேரைச் சரியாகத் தொட்ட சட்டம் இது. கனடாவின் கியூபெக் மாநிலத்தின் 1998 ஆய்வுத் தரவுகளும் இதையே சொல்கின்றன: நின்று வேலை செய்பவர்களில், விரும்பியபோது உட்கார முடியாதவர்களுக்கு இடுப்புவலி அதிகம். அதாவது நிற்பதைவிட, உட்கார அனுமதியின்றி நிற்பதே பெரிய கேடு. ஆனால் இருக்கை இருந்தும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி உட்காரக் கூடாது என்ற வாய்மொழி விதி பல கடைகளில் தொடர்கிறது. கழிவறைக்குப் போய்வர எத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்றும் அடிவயிற்று வலியும் அதன் பின்னால் வரும்.

ஆண்களின் வலி குறைவானது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகத் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. சந்தைகளிலும் கிடங்குகளிலும் முதுகில் ஏறும் மூட்டைகள் அந்த எல்லையை மதிப்பதில்லை. நெடுந்தூர லாரி ஓட்டுநரின் முதுகெலும்பு வண்டியின் அதிர்வை மணிக்கணக்கில் வாங்குகிறது. ஆண்களிடம் நான் கவலைப்படுவது அவர்கள் வலியைச் சொல்லும் விதத்தைப் பற்றி. 1991-இல் நடந்த ஒரு சோதனையில், குளிர்நீரில் கையை வைத்த ஆண்கள், சோதனை நடத்துபவர் பெண்ணாக இருந்தபோது, ஆணாக இருந்தபோது சொன்னதைவிடக் குறைவான வலியையே தெரிவித்தார்கள். வலிக்கிறது என்று சொல்வது ஆண்மைக்குக் குறை என்று வளர்க்கப்பட்டவர்கள், நாளைக்கு மூட்டை தூக்க வேண்டும், ஊசி போட்டு அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டு வருகிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் குடியே அவர்களுக்கு வலிநிவாரணி. உடலுழைப்பு ஒன்றே மதிப்பாக இருந்த ஆணுக்கு, முதுகு போனால் வருமானத்தோடு வீட்டில் அவருக்கிருந்த இடமும் போய்விடுகிறது. ஆகவே ஆணுக்கு வலி தாமதமாக, முற்றிய நிலையில் வெளிப்படுகிறது. ஆய்வுகளில் ஆண்கள் சொல்லும் வலியின் அளவு குறைவாக வருவதில் இந்த மௌனத்துக்கும் பங்கு இருக்கிறது.

பெண்ணுக்கு நேர்வது வேறு வகை அநீதி. சொல்கிறார், நம்பப்படுவதில்லை. இதய இரத்தக்குழாய் மாற்று அறுவைக்குப் பின் ஆண்களுக்கு வலிமருந்தும், பெண்களுக்கு அமைதிப்படுத்தும் மருந்தும் அதிக முறை தரப்பட்டதை 1990-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கடும் வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் வலிமருந்துக்காக ஆண்கள் 49 நிமிடமும் பெண்கள் 65 நிமிடமும் காத்திருந்ததை 2008-இல் இன்னொன்று பதிவுசெய்தது. நம் ஊரில் இதே மனப்போக்கு "எல்லாம் டென்ஷன்தான்", "வயசானா அப்படித்தான்", "கால்சியம் மாத்திரை போடுங்க" என்ற வாக்கியங்களாக வருகிறது. சட்டமும் துணைநிற்கவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களாக ஈய நஞ்சு, சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை போன்றவற்றைப் பட்டியலிட்டது. ஆண்டுக்கணக்கில் ஒரே அசைவால் தேயும் கழுத்தும் இடுப்பும் அதில் இடம்பெறவில்லை. சாரத்திலிருந்து விழுந்தவருக்கு விபத்து நடந்த நாளும் நேரமும் உண்டு, இழப்பீடு கேட்கலாம். மெல்ல மெல்ல வந்த வலிக்குத் தேதி இல்லை. பெண்களின் வேலையில் வரும் வலி பெரும்பாலும் இந்த வகை. கியூபெக்கில் கூட இத்தகைய இழப்பீட்டுக் கோரிக்கைகளில் பெண்கள் கூடுதல் தடைகளைச் சந்திப்பதைச் சட்ட ஆய்வாளர் கேத்தரின் லிப்பெல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு குறிப்பிட்ட நாளில் வேலையில் இருப்பவர்களை மட்டும் கணக்கெடுத்தால், வலி தாங்காமல் வேலையை விட்டுப் போனவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். அப்படி விட்டுப்போகிறவர்களில் பெண்கள் பலர், "குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார்" என்ற பெயரில் மறைந்துவிடுகிறார்கள். வலி இருப்பதாலேயே வேலை கடினமாகத் தோன்றுவதும் உண்டு. அதனால்தான் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன். அவையும், முடிவெடுக்கும் உரிமை குறைவும் ஆதரவின்மையும் முதுகு, கழுத்து வலிக்கு முன்னோடியாக வருவதைப் பொதுவாக உறுதிசெய்கின்றன. அந்தத் தொடர்பு ஆணிடம் வலுவா பெண்ணிடம் வலுவா என்பதில் முடிவுகள் ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்ப மாறுகின்றன. மாறுவதில் வியப்பில்லை, அந்த ஊர்களில் ஆணின் நாளும் பெண்ணின் நாளும் வேறு வேறு மாதிரி இருக்கின்றன.

உங்கள் தங்கைக்கு என்ன செய்யலாம்? காலில் பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடிழத்தல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவை இல்லையென்றால், மருத்துவரிடம் வலி எங்கே என்பதோடு நிறுத்தாமல், நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறார், உட்கார அனுமதி உண்டா, இரவில் எத்தனை முறை விழிக்கிறார், வீட்டில் யாரைப் பராமரிக்கிறார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். இரத்தசோகைக்குச் சோதனை செய்யக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்புவலி வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது. நம் மருந்துக்கடைகளில் தாராளமாக விற்கும் இடுப்புப் பட்டையையும், இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. தினமும் வலிமாத்திரை போடுவது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. கடையில் பணியாளர்கள் சிலர் சேர்ந்து 22-அ பிரிவைச் சுட்டி இருக்கை கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையிடம் எழுத்தில் புகார் தரலாம். தனியாகக் கேட்பவருக்கு வேலை போகும் அச்சம் இருக்கும் என்பதால் சேர்ந்து கேட்பது முக்கியம், அதில் ஆண் பணியாளர்களும் இருக்க வேண்டும்.

பயிற்சி செய்ய நேரம் எங்கே என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை அண்ணனாகிய உங்கள் கையிலும் இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புகிறீர்கள் என்றால் இரவுச் சமையலையும் பாத்திரங்களையும் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பிடிப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், விடிகாலையில் எழ வேண்டிய நாட்களில் பாதியை உங்களுடையதாக்குங்கள். மூன்று மாதங்கள் இதை விடாமல் செய்து, அவருடைய தூக்கமும் வலியும் எப்படி இருக்கின்றன என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.